இடம் மாறிய ஒயர்கள்: வீட்டு ஸ்டீரியோவும் பெண்களின் கையும்

எங்கள் வீட்டு ஹாலில் ஷோகேஸின் மேல்தட்டில் ஒரு ஆம்ப்ளிஃபயரும் ரெக்கார்டு பிளேயரும் இருந்தன. எதிரெதிர் மூலைகளில் இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கர்கள். அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்தார். 1983இல் போனஸ் பணத்தில் உதிரிபாகங்கள் வாங்கி, தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து அசெம்பிள் செய்த செட் அது. பிறகு சவுதியிலிருந்து வந்த சித்தப்பா ஒரு கேசட் டெக் கொண்டுவந்து கொடுத்தார். அதுவும் மேல்தட்டில் ஏறியது.

அந்தத் தட்டு அப்பாவின் தோள் உயரத்தில் இருந்தது. அம்மா எட்டித்தான் தொட வேண்டும். தொடவும் கூடாது. காலையில் பெட்டிகளின் மேல் படிந்த தூசியைத் துணியால் ஒற்றி எடுக்கலாம், பின்பக்கம் கை போகக் கூடாது. அங்கே ஒயர்கள் இருந்தன. "ஷாக் அடிக்கும்" என்பது எங்களுக்கு. "ஒனக்கென்ன தெரியும்" என்பது அம்மாவுக்கு.

1991இல் அத்தை கல்யாணத்துக்காக ஹாலை ஒழித்து, பீரோவை இடம் மாற்றினார்கள். ஒரு ஸ்பீக்கரையும் நகர்த்த வேண்டியிருந்தது. ஒயர் எட்டவில்லை. அப்பா ஒரு துண்டு ஒயரை ஒட்டுப் போட்டு நீட்டினார். அதற்கு அடுத்த வாரமோ என்னவோ, அம்மா முதல்முறையாக அதைச் சொன்னார்: "என்னங்க, பீரோவ மாத்தி வெச்சதுலேருந்து பாட்டு ஒரு மாதிரி இருக்கு. அந்தம்மா எங்க நின்னு பாடுதுன்னே தெரியல." அந்தம்மா என்றது கே.பி. சுந்தராம்பாளை. அப்பா சிரித்தார். நாங்களும் சிரித்தோம். இசைத்தட்டில் யாராவது நிற்பார்களா? அம்மா பின்னும் சில தடவை சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

அப்பா இறந்த மறு ஆண்டு அந்த செட்டை முழுவதும் பிரித்து, இடம் மாற்றி, புதிதாக ஒயர் இழுத்தோம். அப்போது தெரியவந்த ஒன்றுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். அதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால், ஒரு வீட்டில் பாட்டுப் பெட்டியின் பின்பக்கம் ஆணுக்கு உரியதாகவும் முன்பக்கம் பெண் தூசி துடைப்பதற்காகவும் எப்படி ஆனது என்று பார்க்க வேண்டும். அது இயல்பாக நேர்ந்ததல்ல. அதற்குத் தேதிகள் இருக்கின்றன.

முதலில் பதிவான குரல்கள்

பெட்டிக்குள் இருந்த குரலிலிருந்து தொடங்குவோம். 1902 நவம்பரில் கிராமஃபோன் கம்பெனியின் பதிவாளர் ஃப்ரெட் கைஸ்பெர்க் கல்கத்தாவில் ஓட்டல் அறையில் கருவியை நிறுவி, இந்தியாவின் முதல் வணிக இசைத்தட்டுகளுக்கான பதிவுகளைச் செய்தார். அந்தத் தொடக்க நாட்களிலேயே பதிவானவர்கள் பெண்கள். மேடை நாடகத்தில் பாடிய இளம்பெண்கள், பிறகு புகழ்பெற்ற கௌஹர் ஜான். பாட்டு முடிந்ததும் கௌஹர் ஜான் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வார். தட்டுகள் ஜெர்மனியின் ஹானோவரில் அச்சாகி வந்த காலம் அது. எந்தத் தட்டு யாருடையது என்று அங்கிருந்தவர்கள் அறிந்து லேபிள் ஒட்ட அந்த அறிவிப்பு உதவியது. ஒரு பெண் தன் பெயரைத் தானே சொல்லிப் பதிந்துவைத்த ஆவணமாக இன்று அது நமக்குக் கேட்கிறது.

தென்னிந்தியாவிலும் அப்படியே. இசைத்தட்டுக் கம்பெனிகள் முதலில் தேடிப் போனவர்களில் பெரும்பகுதியினர் தேவதாசி மரபில் வந்த பாடகியர். பாடுவது அவர்களின் தொழில், பொது இடத்தில் பாடுவது அவர்களுக்குத் தடையல்ல. "குடும்பப் பெண்கள்" அன்று குதிர்போன்ற பதிவுக் குழல் முன் வந்து நின்று பாட முடியாது. கோயம்புத்தூர் தாயி அவர்களில் ஒருவர். அவருடைய தட்டுகளைக் கேட்ட மொரீஸ் டெலாஜ் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர், அந்தப் பாட்டை வைத்தே 'ராகமாலிகா' என்ற படைப்பை எழுதினார். பியானோவின் ஒரு தந்திக்கடியில் அட்டையைச் செருகி அதன் ஒலியை மாற்றும்படி அதில் குறிப்பு எழுதினார். கோவைப் பெண் ஒருத்தியின் குரல் பாரிஸில் ஒரு பியானோவின் உட்புறத்தையே மாற்றியமைக்கச் செய்திருக்கிறது.

பெங்களூர் நாகரத்தினம்மாளும் தட்டுகளில் பாடியவர். திருவையாற்றில் தியாகராஜர் சமாதியைத் தன் சொத்தைச் செலவழித்துக் கட்டியெழுப்பியவர். ஆனால் அங்கு நடந்த ஆராதனையில் பெண்கள் பாட அனுமதி இல்லை. 1927இல் அவர் பெண்களுக்கென்று தனி ஆராதனைக் கச்சியைத் தொடங்க வேண்டியிருந்தது. சபையில் உட்கார இடமில்லாத பெண்ணின் குரல், ஊசி முனையில் சுழலும் தட்டு வழியாக மிராசுதார் வீட்டுக் கூடம் வரை போனது. வாசல்படி ஏற விடாத வீட்டிலும் தட்டு ஏறியது. 1947இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. பொட்டுக்கட்டும் வழக்கத்தை நிறுத்தியது அது. அந்தப் பெண்களின் கலை வாழ்வுக்கு என்ன ஈடு என்று கேட்டவர்கள் குறைவு. அவர்களின் தட்டுகளை மட்டும் ரசிகர்கள் பத்திரமாக வைத்திருந்தார்கள்.

பத்து வயதில் முதல் தட்டுக்குப் பாடிய மதுரைச் சிறுமி பின்னர் எம்.எஸ். சுப்புலட்சுமி ஆனார். அடுத்த தலைமுறையில் "குடும்பப் பெண்களும்" பாடத் தொடங்கினார்கள். இசைத்தட்டும் அதற்கு ஒரு காரணம். உடலைக் காட்டாமல் குரலை மட்டும் வெளியே அனுப்ப அது வழி செய்தது. குரலுக்குக் கிடைத்த அந்தச் சுதந்திரத்தின் விலையும் அதுதான். பாடியவளை நேரில் பார்க்க வேண்டாம், அவளுடைய வரலாற்றைக் கேட்க வேண்டாம். கேட்பவர் முள்ளை எடுத்துவிட்டால் அவள் பாட்டை நிறுத்திக்கொள்வாள்.

கூடத்துக்கு வந்த பெட்டி, அங்கிருந்து பறிபோன பெட்டி

கருவி எப்படி ஆணுடையது ஆனது என்பதை அமெரிக்க வரலாற்றில் தெளிவாகப் பின்தொடர முடிகிறது. நம் வீடுகளுக்கு வந்து சேர்ந்த வடிவங்களும் பழக்கங்களும் பெரும்பாலும் அங்கு உருவானவை.

தொடக்கத்தில் கிராமஃபோனுக்குப் பெரிய குழல் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். 1906இல் விக்டர் கம்பெனி 'விக்ட்ரோலா'வைக் கொண்டுவந்தது. குழலை மரப் பேழைக்குள் மறைத்து, கதவு வைத்து, மேசை நாற்காலிகளோடு சேர்ந்து நிற்கும் மரச்சாமானாக அதை மாற்றினார்கள். வீட்டை அலங்கரிப்பதும் வீட்டுக்கு வேண்டியதை வாங்குவதும் பெண்ணின் பொறுப்பு என்று கருதிய சந்தை, அவளை முன்வைத்தே விளம்பரம் செய்தது. வானொலியும் இதே பாதையில் வந்தது. 1920களின் தொடக்கத்தில் அது கொட்டகையிலும் மேல்மாடியிலும் ஆண்களும் பையன்களும் கம்பிச் சுருள், பேட்டரி, ஹெட்ஃபோனோடு நோண்டிக்கொண்டிருந்த பொழுதுபோக்கு. ஒருவர் மட்டுமே கேட்க முடியும். பத்தாண்டுக்குள் ஒலிபெருக்கி வந்தது, வீட்டு மின்சாரத்தில் இயங்கும் பெட்டி வந்தது, பல குமிழ்களுக்குப் பதில் ஒரே குமிழில் நிலையம் பிடிக்கும் வசதி வந்தது. சமைத்துக்கொண்டே கேட்கலாம், குழந்தை தூங்கும்போது குறைத்து வைக்கலாம். வடிவமைப்பை மாற்றியதும் பெண்களுக்குப் "புரியாத" கருவி புரிந்துவிட்டது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இந்தப் பாதை திரும்பியது. போரில் ரேடார், தொலைத்தொடர்புப் பிரிவுகளில் மின்னணுவியல் பழகிய ஆண்கள் வீடு திரும்பினார்கள். உபரி பாகங்கள் மலிவாகக் கிடைத்தன. 1948இல் கொலம்பியா நிறுவனம் நீண்ட நேரம் ஓடும் எல்.பி. தட்டை வெளியிட்டது. ஆம்ப்ளிஃபயர், பிளேயர், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் தனித்தனியாக வாங்கி ஒயரால் இணைத்துக்கொள்ளும் பழக்கம் 'ஹை-ஃபை' என்ற பெயரில் பரவியது. வீட்டிலேயே பற்றவைத்து அசெம்பிள் செய்ய ஹீத்கிட் போன்ற நிறுவனங்கள் பாகங்களைப் பெட்டியில் அடைத்து விற்றன. 1951இல் 'ஹை ஃபிடெலிட்டி' இதழ் தொடங்கியது.

கீர் கைட்லி என்ற ஆய்வாளர் 1996இல் எழுதிய ஒரு கட்டுரையில் அந்தக் கால இதழ்களையும் கேலிச்சித்திரங்களையும் தோண்டியெடுத்துக் காட்டினார். அவற்றில் மனைவி எப்போதும் ஒரே வேடத்தில் வருகிறாள்: சத்தத்தைக் குறைக்கச் சொல்பவள், ஸ்பீக்கருக்கு மேல் பூச்சாடி வைப்பவள், தொலைக்காட்சி பார்ப்பவள், செலவுக்குத் தடை போடுபவள். வீடு பெண்ணின் ஆட்சியில் இருக்கிறது என்று முடிவுகட்டிக்கொண்ட நடுத்தர வர்க்க ஆண், அந்த வீட்டுக்குள் தனக்கென்று ஓர் இடத்தை ஒலியால் பிடித்தான் என்பது கைட்லியின் வாதம். சுவர் எழுப்ப வேண்டியதில்லை. ஒலியளவைக் கூட்டினாலே அறை அவனுடையது.

1958இல் ஸ்டீரியோ தட்டுகள் கடைகளில் பரவலாக வந்தன. இரு வேறு ஒலித்தடங்கள், இரு ஸ்பீக்கர்கள் என்ற அடிப்படையை ஆலன் ப்ளூம்லைன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1931இலேயே காப்புரிமைக்குப் பதிந்திருந்தார். ஸ்டீரியோ சரியாகக் கேட்க ஒரு நிபந்தனை உண்டு. இரண்டு ஸ்பீக்கர்களும் கேட்பவரும் ஏறக்குறையச் சம பக்க முக்கோணமாக அமைய வேண்டும். அந்த மூன்றாவது முனையில் உட்கார்ந்தால் மட்டுமே பாடகர் இரு பெட்டிகளுக்கும் நடுவில் நிற்பதுபோல் கேட்கும். அந்த முனைக்கு ஆங்கிலத்தில் இனிக்கும் பெயர் ஒன்று உண்டு. அதில் ஒரு நாற்காலிதான் போட முடியும். அது யாருடைய நாற்காலி என்று நம் வீடுகளில் யாரும் கேட்டதில்லை.

1983இல் 'ஸ்டீரியோஃபைல்' என்னும் அமெரிக்க இதழில் ஒரு சொற்றொடர் அச்சேறியது: மனைவி ஏற்பு அளவு. ஒரு கருவி எவ்வளவு சிறியதாக, அழகாக, கண்ணில் படாததாக இருந்தால் மனைவி வீட்டுக்குள் அனுமதிப்பாள் என்பதற்கான நகைச்சுவை அளவுகோல். அது இன்றும் விமர்சனங்களில் புழங்குகிறது. அவள் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்பதற்கு அளவு இருக்கிறது. அவள் காதுக்கு எப்படிக் கேட்கிறது என்பதற்கு அப்படி ஒரு அளவு யாருக்கும் தோன்றவில்லை. எங்கள் வீட்டு செட் வந்ததும் அதே 1983இல்தான்.

பற்றவைத்த கைகள்

ஒயர் பெண்ணுக்கு வராது என்று சொன்ன இதே காலத்தில், அந்தப் பெட்டிகளின் உள்ளே ஒயரைப் பற்றவைத்தவர்கள் யார்?

அமெரிக்காவில் ரேடியோவும் ரெக்கார்டு பிளேயரும் செய்த ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் பயணத்தை ஜெஃபர்சன் கவி என்ற வரலாற்றாசிரியர் 1999இல் ஒரு நூலாக எழுதினார். நியூ ஜெர்சியின் கேம்டன் ஆலையில் உற்பத்தி வரிசையில் பெண்களே மிகுதி. 1936இல் அங்கே பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. தொழிலாளர்கள் சங்கமாகத் திரண்டதும் நிறுவனம் வேறு ஊர் தேடியது. 1940இல் இண்டியானாவின் ப்ளூமிங்டனுக்குப் போனது. 1960களின் நடுவில் மெம்ஃபிஸுக்குப் போனது. 1968இல் எல்லை தாண்டி மெக்சிகோவின் ஹுவாரெஸில் ஆலை திறந்தது. ஒவ்வொரு ஊரிலும் தேடப்பட்டவர்கள் ஒரே வகையினர்: குறைந்த கூலிக்கு வரக்கூடிய, இதற்குமுன் ஆலை வேலை பார்த்திராத இளம்பெண்கள்.

பெண்களின் விரல்கள் இயல்பிலேயே நுணுக்கமானவை, அதனால் இந்த வேலைக்கு ஏற்றவர்கள் என்று முதலாளிகள் காரணம் சொன்னார்கள். டயான் எல்சன், ரூத் பியர்சன் இருவரும் 1981இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இந்தக் காரணத்தைப் பிரித்துப் போட்டது. அந்த விரல் நுணுக்கம் பிறவியில் வந்ததல்ல. சிறுவயது முதல் வீட்டில் தைத்து, பின்னி, கோத்துப் பழகிய பயிற்சி. வீட்டில் அம்மாவிடம் கற்றதால் அது பயிற்சிக் கணக்கில் வருவதில்லை. பயிற்சி இல்லை என்றால் திறன் இல்லை, திறன் இல்லை என்றால் கூலியும் இல்லை. ஆலையில் பற்றவைக்கும்போது "இயல்பு", வீட்டில் ஸ்க்ரூடிரைவர் எடுத்தால் "ஒனக்கென்ன தெரியும்". இரண்டும் ஒரே மனம் சொல்லும் இரண்டு வாக்கியங்கள்.

இந்தக் கதை நமக்கு வெளியூர்க் கதையல்ல. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் உற்பத்தியைத் தொடங்கி 2014 நவம்பரில் மூடப்பட்ட நோக்கியா ஆலையில் வரிசையில் நின்றவர்களில் பெரும்பாலோர் சுற்றுப்புற மாவட்டங்களிலிருந்து பேருந்தில் வந்த இளம்பெண்கள். தமிழ்நாட்டில் பாட்டு கேட்கும் கருவியாகக் கைப்பேசி மாறிய ஆண்டுகள் அவை. அதைக் கோத்துக் கொடுத்தவர்களுக்கு அந்த வேலை ஒன்பதாண்டுகூட நிலைக்கவில்லை.

ஆலைக்கு வெளியே, படித்துப் பொறியாளராக வந்த பெண்களும் இருந்தார்கள். பிரிட்டனில் டாஃப்னி ஓரம் போர்க்காலத்தில், ஆண்கள் போர்முனைக்குப் போன இடைவெளியில், பி.பி.சி.யில் ஒலிப் பணிக்குச் சேர்ந்தார். 1958இல் அங்கே மின்னணு ஒலிகளுக்கான ரேடியோஃபோனிக் பட்டறையை நிறுவியவர்களில் ஒருவரானார். டெலியா டெர்பிஷயர் கேம்பிரிட்ஜில் கணிதமும் இசையும் படித்தவர். 1959இல் டெக்கா இசைத்தட்டு நிறுவனத்தில் வேலை கேட்டபோது, ஒலிப்பதிவுக் கூடத்தில் பெண்களைச் சேர்ப்பதில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பின்னர் பி.பி.சி. பட்டறைக்கு வந்து, 1963இல் 'டாக்டர் ஹூ' தொடரின் முகப்பிசையை நாடாவை வெட்டி ஒட்டி உருவாக்கினார். திரையில் இசையமைப்பாளர் பெயர் மட்டுமே வந்தது, அவர் பெயர் வரவில்லை.

சென்னையில் அ. லலிதா இருந்தார். பதினைந்து வயதில் கல்யாணம். பதினெட்டில் கைக்குழந்தையோடு கைம்பெண். மின்பொறியியல் பேராசிரியரான அப்பாவின் துணையோடு 1940இல் கிண்டி பொறியியல் கல்லூரியில் சேர்ந்தார். 1943இல் படிப்பை முடித்து இந்தியாவின் முதல் பெண் மின்பொறியாளர் ஆனார். அதுவரை ஆண்களுக்காக மட்டுமே அச்சிடப்பட்டிருந்த சான்றிதழில் 'அவன்' என்பதை அடித்துவிட்டு 'அவள்' என்று எழுத வேண்டியிருந்ததாம். பிறகு கல்கத்தாவில் ஒரு மின்கருவி நிறுவனத்தில் மின்கடத்தும் தடங்களை வடிவமைத்தார். பக்ரா நங்கல் அணையின் மின்சாரத்துக்கான வேலையிலும் அவர் பங்கு இருந்தது. அவர் பட்டம் வாங்கி நாற்பது ஆண்டு கழித்து எங்கள் வீட்டில் ஒன்றரை அடி ஸ்பீக்கர் ஒயர் பெண்ணுக்கு ஆபத்தானதாக இருந்தது.

லைசென்சும் கேசட்டும்

நம் வீடுகளின் கணக்கு வேறு விதமாகவும் எழுதப்பட்டிருக்கிறது. வானொலிப் பெட்டி வைத்திருக்க அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் கட்டணம் கட்டி லைசென்ஸ் எடுக்க வேண்டிய காலம் 1980களின் நடுப்பகுதி வரை இருந்தது. எங்கள் வீட்டு லைசென்ஸ் புத்தகம் இன்னும் இருக்கிறது. தாத்தா பெயரில் தொடங்கி அப்பா பெயருக்கு மாறியது. பாட்டியின் பெயர் எங்கும் இல்லை. ஆனால் அந்த ரேடியோவை நாள் முழுக்கக் கேட்டவர் பாட்டிதான். திருச்சி வானொலியும் இலங்கை வானொலியும் எந்த நேரத்துக்கு என்ன ஒலிபரப்பும் என்பதை வைத்தே உலை வைப்பார், கூலம் புடைப்பார். கேட்டவர் ஒருவர், உரிமம் பெற்றவர் இன்னொருவர்.

இதில் ஒரு உடைப்பை உண்டாக்கியது கேசட். ஃபிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய சின்னப் பெட்டி, 1970களின் இறுதியில் வளைகுடாவுக்குப் போனவர்களின் கைப்பையில் 'டூ-இன்-ஒன்'னாக நம் ஊர்களுக்கு வந்தது. தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போகலாம். முள் உடைந்துவிடும் என்ற பயம் இல்லை. பதிவும் செய்யலாம். கணவன் வளைகுடாவில் இருக்க, கடிதத்துக்குப் பதில் கேசட்டில் பேசி அனுப்பிய பெண்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். எழுதப்படிக்கத் தெரியாதவளுக்கு இன்னொருவர் கையால் கடிதம் எழுதவேண்டிய கூச்சம் தீர்ந்தது. சிவப்புப் பொத்தானையும் பக்கத்துப் பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் குரல் பதியும் என்று ஒருத்தி இன்னொருத்திக்குக் கற்றுக்கொடுத்தாள். தன் கையால் தன் குரலைப் பதிவுசெய்த முதல் தலைமுறைத் தமிழ்ப் பெண்கள் இவர்கள்தான். அந்தக் கேசட்டுகளில் பலவற்றின் மேல் பிறகு சினிமாப் பாட்டு பதிவாகி அழிந்துபோனது. அவற்றை வரலாற்று ஆவணமாக யாரும் நினைக்கவில்லை.

தமிழில் ஸ்டீரியோவில் பதிவான முதல் திரைப்பாடல்கள் என்று 1978இல் வந்த 'ப்ரியா'வைச் சொல்வார்கள். அதன்பின் "ஸ்டீரியோ எஃபெக்ட்" என்ற சொல் ஊரெங்கும் பரவியது. கேட்பதில் பெருமை வந்தது, பெருமையோடு உரிமையும் வந்தது. அடுப்படி வரை போய்வந்த டூ-இன்-ஒன் அங்கேயே நின்றுவிட, ஹாலில் இரண்டு ஸ்பீக்கர் வைத்த செட் ஆண்களின் பிரதேசமானது. அமெரிக்காவில் போருக்குப் பின் நடந்தது, நம் ஊரில் வளைகுடாப் பணத்திலும் போனஸ் பணத்திலும் மறுபடி நடந்தது.

பேட்டரிக் கட்டைச் சோதனை

எங்கள் வீட்டுக்குத் திரும்புகிறேன். அப்பா போனபின் அம்மா ஓராண்டு அந்த செட்டைத் தொடவில்லை. ஒருநாள் தானாகவே சொன்னார்: "பாப்பா, அத எறக்கி வெச்சிருவமா? எனக்கு எட்டல." எடைக்குப் போடச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது உண்மையிலேயே உயரத்தைப் பற்றி.

முதலில் எல்லாப் பிளக்கையும் சுவரிலிருந்து பிடுங்கினோம். பின்பக்கம் திருப்பியதும் ஒவ்வொரு ஒயரும் எங்கிருந்து எங்கே போகிறது என்று ஒரு நோட்டில் படம் போட்டேன். பிளேயரிலிருந்து ஆம்ப்ளிஃபயரின் ஃபோனோ துளைக்கு இரண்டு, அதோடு மெல்லிய எர்த் ஒயர் ஒன்று. அது விட்டுப்போனால் பாட்டோடு "ம்ம்ம்" என்று இரைச்சல் வரும். டெக்கிலிருந்து வருவது இரண்டு, டெக்குக்குப் போவது இரண்டு. ஸ்பீக்கருக்கு இந்தப்பக்கம் ஒரு ஜோடி, அந்தப்பக்கம் ஒரு ஜோடி. அவ்வளவுதான். நாற்பது ஆண்டு எங்களைப் பயமுறுத்திய காடு ஒன்பது இழைகள். பிளக்கைப் பிடுங்கிவிட்டால் அவற்றில் எதுவும் யாரையும் ஷாக் அடிக்காது.

பீரோ பக்கத்து ஸ்பீக்கர் ஒயரில் இன்சுலேஷன் டேப் சுற்றிய ஒட்டு இருந்தது, 1991இல் போட்டது. ஒட்டுக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் ஒரே சாம்பல் நிறம். எது கூட்டல், எது கழித்தல் என்று பார்த்துச் சொல்ல முடியாது. அதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒயரைக் கழற்றிவிட்டு, முனைகளை ஒன்றரை வோல்ட் பேட்டரிக் கட்டையில் ஒரு நொடி தொட வேண்டும். ஸ்பீக்கரின் கூம்பு வெளியே தள்ளினால் சரி, உள்ளே இழுத்தால் மாறியிருக்கிறது. நான் கட்டையைப் பிடித்தேன். அம்மா ஸ்பீக்கர் துணியைக் கழற்றிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தார்.

"வெளிய வருது," என்றார் முதல் ஸ்பீக்கருக்கு.

இரண்டாவதுக்குப் போனோம். சிவப்பு முனையில் வரும் ஒயர் இதுதான் என்று அப்பா முடிச்சுப் போட்டு அடையாளம் வைத்திருந்தார். அதைக் கட்டையின் கூட்டல் பக்கம் தொட்டேன்.

"இது உள்ள போவுது."

மறுபடி தொட்டேன். மறுபடி உள்ளேதான் போனது.

ஒட்டுப் போட்டபோது இரண்டு இழைகளும் மாறிப் போயிருக்கின்றன. ஆம்ப்ளிஃபயர் இரு ஸ்பீக்கரையும் ஒன்றாகத் தள்ளும்போது ஒன்று முன்னால் வரும், மற்றது பின்னால் போகும். ஒன்று தள்ளிய காற்றை மற்றது இழுத்துக்கொள்ளும். மத்தளமும் அடிக்குரலும் மெலிந்துவிடும். இரண்டு பெட்டிக்கும் நடுவில் நிற்க வேண்டிய குரல் நடுவில் நிற்காது, அறையெங்கும் கலைந்து திரியும். பழைய மோனோ தட்டுகளில் இரு பக்கமும் ஒரே ஒலி என்பதால் இந்தக் குறை இன்னும் கூடுதலாகத் தெரியும். அம்மா விரும்பிக் கேட்டது அந்தத் தட்டுகளைத்தான்.

பீரோவை மாற்றியதிலிருந்து. அந்தம்மா எங்கே நின்று பாடுகிறது என்று தெரியவில்லை. குறை எப்போது தொடங்கியது, அது எப்படிப்பட்டது என்று இரண்டையும் அம்மா அன்றே துல்லியமாகச் சொல்லியிருக்கிறார். ஒரு மெக்கானிக் சொல்லியிருந்தால் அன்று மாலையே ஒட்டு பிரிக்கப்பட்டிருக்கும். அப்பா கெட்டவர் இல்லை. தன் வேலையில் ஒரு மில்லிமீட்டர் பிசகாதவர். ஒரு பெண்ணின் காது சோதனைக் கருவியாக இருக்க முடியும் என்பது அவர் பழகிய உலகத்தில் இல்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டு அவரும் அந்தக் குறையோடுதான் பாட்டு கேட்டார். அதை நினைத்தால்தான் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

செட்டை ஷோகேஸின் நடுத்தட்டுக்கு இறக்கினோம், அம்மாவின் இடுப்பு உயரத்துக்கு. ஒட்டில்லாத, சிவப்பும் கறுப்புமாகப் பிரித்தறியக்கூடிய புது ஒயர் வாங்கி வந்தோம். ஸ்பீக்கர்களின் முகத்தை அப்பாவின் சாய்வு நாற்காலியிலிருந்து திருப்பி, அம்மா அரிவாள்மனை போட்டு உட்காரும் அடுப்படி வாசலை நோக்கி வைத்தோம். டேப்பால் அளந்தோம். முக்கோணத்தின் மூன்றாவது முனை இப்போது அங்கே இருக்கிறது. ஒவ்வொரு ஒயரின் இரு முனையிலும் பிளாஸ்திரி ஒட்டி அம்மா தன் கையெழுத்தில் எழுதினார்: தட்டு, டேப்பு, பீரோ பக்கம், ஜன்னல் பக்கம். ஆங்கில எழுத்துக்குப் பதில் அவருடைய வீட்டின் திசைகள்.

'திருவிளையாட'லில் சுந்தராம்பாள் பாடியதைப் போட்டோம். 1965இன் குரல். அம்மா அடுப்படி வாசலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கையால் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் வெறும் சுவரைக் காட்டினார்.

"இந்தா, இங்க நிக்குது."

போன ஆண்டு டெக்கின் ரப்பர் பெல்ட் தளர்ந்து பாட்டு இழுக்கத் தொடங்கியது. எனக்குத் தகவல் வருவதற்கு முன்பே அம்மா மூடியைக் கழற்றி, பழைய பெல்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், அதே அளவில் ஒன்று வாங்கி மாட்டிவிட்டார். இரண்டாம் முறைதான் சரியாக உட்கார்ந்ததாம். ஒயர் படம் போட்ட நோட்டின் அடுத்த பக்கத்தில் தேதி போட்டு அதை எழுதி வைத்திருக்கிறார். அப்பாவின் இசைத்தட்டுப் பட்டியல் இருந்த நோட்டும் அதுதான். வீட்டுக் கருவிகளின் வரலாற்றை எழுத நினைக்கும் மாணவிகளுக்கு நான் சொல்லக்கூடியது, இப்படிப்பட்ட நோட்டுகளைத் தேடுங்கள் என்பதுதான். நோட்டு இல்லாத வீடுகளில், பல ஆண்டுகளுக்கு முன் யார் என்ன சொன்னார்கள், யார் அதைக் கேட்டுச் சிரித்தார்கள் என்று விசாரியுங்கள்.